நாயிடம் சொன்னவை

புதுவை
11-2-1962

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் வந்து இருபத்திரண்டு நாளாகிறது. தாமதம்தான். தினம் மத்தியானம் லில்லி தூங்கியதும் பேனாவை எடுப்பேன். நீங்கள் கேட்டிருந்ததற்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் திரும்ப மூடி வைத்துவிடுவேன்.

லில்லி எத்தனை வார்த்தை பேசுகிறாள், ஒரு தாளில் வரிசையாக எழுதி அனுப்பு, பட்டாள டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். தாளை எடுத்து மேலே அவள் பெயரை எழுதினேன். கீழே எழுத ஒன்றும் இல்லை. மே மாதம் வந்தால் நாலு வயது முடிகிறது. ‘மமா’ என்று ஒரு தரம் சொன்னாள் என்று போன வருஷம் சந்தோஷமாக எழுதினேனே, அது இருமலாகக்கூட இருந்திருக்கலாம்.

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். மாமாவும் வந்தார். டாக்டர் அவள் முதுகுப் பக்கம் நின்று ஒரு தகர மூடியைத் தட்டினார், சாவிக்கொத்தை ஆட்டினார், பேப்பரைக் கசக்கினார். மூன்றுக்கும் திரும்பிப் பார்த்தாள். காதும் சரி, நாக்கும் சரி என்றார். வீட்டில் என்ன பாஷை என்று கேட்டார். குழந்தையிடம் பிரெஞ்சு மட்டும் என்று மாமா நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார். முப்பது வருஷம் பிரெஞ்சு போலீஸில் பிரிகாதியேராக இருந்தவர் வேறு எப்படிச் சொல்வார். டாக்டர் என் பக்கம் பார்த்தார். நான் கடலூர்க்காரி, மெட்ராஸில் இங்கிலீஷில் பி.ஏ. படித்தவள், பிரெஞ்சு என்பது கல்யாணத்துக்கு அப்புறம் கன்னியர் மடத்தில் ஆறு மாதம் போய்க் கற்றது என்று அவரிடம் சொல்லியிருக்கலாம்.

குழந்தையிடம் யாரும் தமிழ் பேசக் கூடாது என்று அவள் பிறந்த அன்று நீங்கள் போட்ட சட்டம் இன்றுவரை அப்படியே இருக்கிறது. சமையல் செய்யும் கமலவேணிகூட அவளைத் தூக்கும்போது உதட்டை இறுக்கிக்கொள்கிறாள். ‘ரெட்டியார்பாளையத்துல இருந்து நடந்து வர்ற வரைக்கும்தான்மா எனக்கு வாய். உள்ள வந்தா இல்ல’ என்கிறாள். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு வா, உட்கார், சாப்பிடு, தொடாதே, மெதுவாக. இந்த ஐந்தையும் நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதற்கு மேல் ஏதாவது சொல்ல வாயெடுத்தால், வாக்கியம் தப்பாக இருந்து அவள் அதையே பிடித்துக்கொண்டால் என்ன செய்வது என்று பயம் வந்துவிடும். பேசாமல் இருந்துவிடுவேன்.

கடிதத்தின் கடைசியில் அவளுக்கென்று நீங்கள் எழுதும் பிரெஞ்சுப் பத்தியை வழக்கம்போல மாமா வாசித்துக் காட்டினார். சம்பளம் வாங்க நிற்பவள்போல் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். முடிந்ததும் கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

பட்டாள டாக்டர் என்ன சொன்னாலும் மறைக்காமல் எழுதுங்கள்.

ஸ்டெல்லாமேரி


தூலோன்
3-3-1962

ஸ்டெல்லாவுக்கு,

இந்தப் பிரெஞ்சுப் பட்டாளத் தபால் ஆபீஸில் தினம் நாலாயிரம் பேர் கடிதத்தைப் பிரித்து அடுக்குகிறவன் நான். என் வீட்டுக் கடிதம் அந்த மூட்டைக்குள் இருந்து வர ஒரு மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருக்கிறது. உன்னைக் குற்றம் சொல்லவில்லை. களைப்பாக இருக்கிறது, அவ்வளவுதான்.

உன் வெற்றுத் தாளை மேஜர் டாக்டரிடம் காட்டினேன். நல்ல மனிதர். உட்காரச் சொல்லி விளக்கினார். மனிதன் சிந்திப்பது என்றால் உள்ளுக்குள் சத்தமில்லாமல் பேசிக்கொள்வது. பேச்சே வராத குழந்தைக்குள் பசி இருக்கும், பயம் இருக்கும், பழக்கம் இருக்கும். சிந்தனை இருக்காது. ஆறு ஏழு வயதுக்குள் பேச்சு வராவிட்டால் அப்புறம் வருவது கஷ்டம் என்கிறார்.

இங்கிருந்து ரயிலில் மூன்று மணி நேரத்தில் மலைப்பக்கம் ஒரு ஊர். இந்த மாதிரிக் குழந்தைகளுக்குக் கன்னியர் ஒரு விடுதி நடத்துகிறார்கள். மேஜரின் தங்கை அங்கே இருக்கிறார். அக்டோபரில் ஒரு இடம் காலியாகிறது. மூன்று வருஷம் அங்கேயே தங்க வேண்டும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் பார்க்கலாம். நீ இங்கே வந்து என்னோடு இருக்கலாம், விடுதிக்குள் தாய்மார் தங்க விதி இல்லை. உடனே இல்லை என்று எழுதாதே. யோசி.

நான் குடியிருக்கும் வீட்டுக்காரி ஒரு விதவை. அவள் புருஷன் கப்பல்படையில் சைகோனில் இருந்தபோது கொண்டு வந்த கிளி ஒன்று மாடிப்படிக் கீழே தொங்குகிறது. சைகோனில் பேசும் அன்னாமியர் பாஷையில் ஒரே வாக்கியம் சொல்லும். இந்த ஊரில் யாருக்கும் அது புரியாது. நான் இரண்டு வருஷம் சைகோனில் இருந்தவன் என்பதால் எனக்கு மட்டும் புரியும். ‘தண்ணி கொண்டு வா’ என்கிறது. எந்த வேலைக்காரியை யார் எப்போது கூப்பிட்டதோ. தண்ணீர்க் கிண்ணம் தளும்பி நிற்கும்போதும் கூப்பிடுகிறது. இதை மேஜரிடம் சொன்னேன். கிளிக்கு நாக்கு இருக்கிறது சிந்தனை இல்லை, நாய்க்கு இரண்டும் இல்லை, உன் மகள் எந்தப் பக்கம் என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியிருந்தது.

ஒன்று கேட்கிறேன், நேராகச் சொல். அப்பா வெளியே போன நேரத்தில் அவளிடம் தமிழ் பேசுகிறாயா? இரண்டு பாஷையில் குழம்பித்தான் அவள் வாய் கட்டிவிட்டதோ என்று மேஜர் சந்தேகப்படுகிறார்.

யூஜின்


புதுவை
8-4-1962

அன்புள்ள அத்தானுக்கு,

லில்லியிடம் ஒரு வார்த்தைகூடத் தமிழ் பேசியதில்லை. ஜெபமாலை கையில் இருக்கும்போதே இதை எழுதுகிறேன். ஆனால் முழு உண்மை அது இல்லை. அதனால்தான் இந்தத் தடவையும் தாமதம்.

நீங்கள் கப்பலேறிய நாலாம் மாதம் ஒரு நாய்க்குட்டி கொல்லைக் கதவு வழியாக வந்து தங்கிவிட்டது என்று எழுதியிருந்தேன். செங்கல் நிறம், ஒரு காது மடங்கினது. மாமாதான் தூத்தூ என்று பெயர் வைத்தார், பிரெஞ்சில் குழந்தைகள் நாயைச் செல்லமாகக் கூப்பிடும் சொல்லாம். ‘காறித் துப்புற மாதிரி ஒரு பேரா’ என்று கமலவேணி இன்னும் அதை வாடா போடா என்றே கூப்பிடுகிறாள். அந்த நாயிடம் நான் தமிழ் பேசுகிறேன். உங்கள் சட்டத்தில் நாயைப் பற்றி ஒன்றும் இல்லை.

மாமா என்னிடம் பிரெஞ்சில் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொள்வார். கமலவேணி பன்னிரண்டு மணிக்குப் போய்விடுவாள். பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கியவள் நான், அத்தான். பேசாமல் வாய் நமநமக்கிறது. அதனால் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டே நாயிடம் சொல்வேன். தலைவலி என்று சொல்வேன். உங்களைப் பற்றிச் சொல்வேன், நல்லதும் பொல்லாததும். சோறு போடும்போது கொஞ்சுவேன். லில்லி அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். குழந்தைக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன்.

போன மாதம் ஒரு நாள், ஈரக் காலோடு நின்றுகொண்டு ‘தூத்தூ, என் செருப்பு எங்கடா போச்சு’ என்று சும்மா கேட்டேன். நாய் கொட்டாவி விட்டது. லில்லி எழுந்து போய், அரிசி மூட்டைக்குப் பின்னால் கிடந்த செருப்பைக் கொண்டு வந்து என் கால் பக்கத்தில் வைத்தாள். மறுநாள் வேண்டுமென்றே நாயிடம், ‘மாடியில துணி எடுக்கணும், கூடையைக் காணோமே’ என்றேன். கூடை வந்தது. அதையே லில்லியைப் பார்த்துப் பிரெஞ்சில் கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தன்னை நாய் என்று நினைத்துக்கொள்கிறாளோ என்று முதலில் பயந்தேன். பிறகு நிதானமாக யோசித்தேன். அவளைப் பார்த்துச் சொல்வதெல்லாம் அதட்டல். நாயைப் பார்த்துச் சொல்வது பேச்சு. எது எந்தப் பக்கம் வருகிறது என்று பிரித்து வைத்துக்கொண்டு, வேண்டியதை எடுத்துக்கொள்கிறாள். பிரித்து வைப்பது சிந்தனை இல்லையா? உங்கள் மேஜரைக் கேளுங்கள்.

இன்னொன்றும் அவரிடம் சொல்லுங்கள். மூலக்குளத்திலிருந்து பால் கறக்க வரும் அம்மாவாசையின் பசு, கன்றைப் பறிகொடுத்துவிட்டது. செத்த கன்றின் தோலில் வைக்கோலை அடைத்து, நாலு குச்சிக் காலில் பசுவின் முன்னால் நிறுத்திவிட்டுத்தான் கறக்கிறான். பசு அதை நக்கிக்கொண்டே பால் விடுகிறது. லில்லி மூன்று நாள் வாசலில் நின்று பார்த்தாள். வைக்கோல் கன்றின் வயிற்றை ஒரு விரலால் அழுத்தினாள். பசுவின் முகத்தைப் பார்த்தாள். நாலாம் நாள், அம்மாவாசை சொம்பைக் கழுவப் போன நேரத்தில், அந்தக் கன்றின் காலைப் பிடித்து இழுத்துச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, பசுவுக்கும் அதற்கும் நடுவில் நின்றுகொண்டாள். ‘என்னாம்மா இது, பால் நின்னுபோச்சு’ என்று அவன் திட்டினான். அன்றிலிருந்து அவள் பால் குடிப்பதில்லை.

வார்த்தை இல்லாமல்தான் இதையெல்லாம் செய்தாள். பி.ஏ. பரீட்சையில், மிருகங்கள் சிந்திக்குமா என்று ஒரு கேள்வி வந்தது. மொழி இல்லாத இடத்தில் சிந்தனை இல்லை என்று எட்டுப் பக்கம் எழுதினேன். நல்ல மார்க் போட்டார்கள். இப்போது அந்த எட்டுப் பக்கத்தையும் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

விடுதி வேண்டாம். யோசித்துத்தான் எழுதுகிறேன்.

ஸ்டெல்லா


தூலோன்
30-4-1962

ஸ்டெல்லாவுக்கு,

உன் கடிதத்துக்கு இரண்டு நாள் முன்னால் அப்பாவின் கடிதம் வந்துவிட்டது. அவரும் பார்த்திருக்கிறார். நாய்க்கு நீ இடுகிற கட்டளையை என் மகள் செய்கிறாள். உள்ளே வர வேண்டுமென்றால் கதவைக் கையால் பிறாண்டுகிறாள். ஏதாவது வேண்டுமென்றால் அவர் முழங்காலில் கையை வைத்துவிட்டு முகத்தைப் பார்க்கிறாள். எழுபது வயதில் இதைப் பார்க்கவா உயிரோடு இருக்கிறேன் என்று எழுதியிருக்கிறார். நீ இதைச் சிந்தனை என்கிறாய்.

நாயை உடனே அனுப்பிவிடச் சொல்லி அப்பாவுக்கு எழுதிவிட்டேன். இந்தக் கடிதம் உன் கையில் கிடைக்கும்போது அது அங்கே இருக்காது.

நீ என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று நினைப்பாய். நினைத்துக்கொள். உனக்கு ஒன்று நான் சொன்னதில்லை. ஒன்றாம் வகுப்பில் தமிழில் ஒண்ணுக்குப் போகக் கேட்டதற்காக வெயிலில் முட்டி போட்டேன். போகக் கேட்ட காரியமும் அங்கேயே நிக்கரில் முடிந்துவிட்டது. அன்றைக்கு முடிவு செய்து பிரெஞ்சைப் படித்தேன். ஐந்து வருஷம் முதல் பரிசு. அந்தப் பிரெஞ்சை எடுத்துக்கொண்டு சைகோனில் பட்டாளத் தபாலில் சேர்ந்த முதல் வாரம், ஜன்னலில் ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய்க்குத் தபால் விதியை விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, பின்னால் நின்றவர்களைக் கூப்பிட்டு, ‘இவன் பேசுவதைக் கேளுங்கள், கல்லறைக் கல்லில் வெட்டிய வாசகம் மாதிரி பேசுகிறான்’ என்றான். எல்லோரும் சிரித்தார்கள். தப்பில்லாமல் பேசியதற்குச் சிரித்தார்கள். நான் புத்தகத்தில் கற்றுக்கொண்டது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. என் மகள் புத்தகத்தில் கற்கக் கூடாது, வீட்டில் கற்க வேண்டும் என்றுதான் அந்தச் சட்டம். அவள் வாயைத் திறந்தால் யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. அவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது.

விடுதியில் அவள் பெயரை எழுதிவிட்டேன். அக்டோபர் எட்டாம் தேதி சேர்க்க வேண்டும். பம்பாயிலிருந்து செப்டம்பரில் கப்பல். போட்டோ எடுத்து அனுப்பு, பாஸ்போர்ட்டுக்கு வேண்டும்.

யூஜின்


புதுவை
17-6-1962

அத்தானுக்கு,

போட்டோ இதில் இல்லை.

நாய் மே மாதம் பத்தாம் தேதி போனது. கமலவேணியின் தம்பி தணிகாசலம் நோணாங்குப்பத்தில் படகு ஓட்டுகிறவன். சாக்கில் போட்டுக் கட்டி, சைக்கிளில் வைத்துக்கொண்டு போனான். தெருவில் விடச் சொன்னால் திரும்பி வந்துவிடும் என்று, ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட மாமா சொல்லியிருந்தார். லில்லி வாசலில் நின்று சாக்கைப் பார்த்தாள். சாக்கு அசைந்தது. அவளுக்குத் தெரியாமல் செய்ய வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பேசாத குழந்தைதானே.

அழவில்லை. முதல் நாள் முழுக்க வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் நாள் வீட்டில் மூடியிருந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திறந்தாள். பீரோ, மாவு டப்பா, மாமாவின் தொப்பிப் பெட்டி. அரிசி மூட்டைக்குப் பின்னால் வெகுநேரம் பார்த்தாள். கதவைப் பிறாண்டுவதையும் விட்டுவிட்டாள். மாமா அதைச் சொல்லித் திருப்திப்பட்டார்.

பன்னிரண்டு நாள் இப்படிப் போயிற்று. பதின்மூன்றாம் நாள் சமையலறையில் நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். கொல்லையில் யாரோ பேசும் சத்தம். பக்கத்து வீட்டுக்காரி வந்திருக்கிறாள் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். லில்லி தன் தட்டைக் கொண்டுபோய், சோற்றோடு, நாய் வழக்கமாகச் சாப்பிடும் இடத்தில் வைத்துவிட்டுக் குந்தியிருந்தாள். அந்தக் காலி இடத்தைப் பார்த்துச் சொன்னாள்:

‘வாடா ராசா. சாப்புட வா. நான் இருக்கேன்ல.’

மூன்று வாக்கியம். ஒரு எழுத்துப் பிசகு இல்லை. நாலு வருஷம் ஒரு சத்தம் எழுப்பாதவள். கொஞ்ச நேரம் காத்திருந்தாள். மறுபடி ஒரு தரம் சொன்னாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே வந்து, என்னைத் தாண்டிப் போய்விட்டாள்.

நான் மீன் செதிளோடு கையை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அவள் பேசிவிட்டாள் என்று முதலில் சந்தோஷம்கூட வரவில்லை. அந்த மூன்று வாக்கியமும் என்னுடையது. நாய்க்குச் சோறு போடும்போது நான் தினம் சொல்வது. அவளுக்கு ஊட்டும்போது, ‘சாப்பிடு’ என்று பிரெஞ்சில் ஒரு வார்த்தை சொல்வேன். அவளை ராசா என்றோ ராசாத்தி என்றோ ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. நான் இருக்கிறேன் என்று அவளிடம் சொன்னதில்லை. நல்ல வார்த்தையெல்லாம் நாய்க்குப் போயிற்று. அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் மறுபடி பேசவில்லை. மூன்று வாரமாகிறது.

ஸ்டெல்லா


தூலோன்
8-7-1962

ஸ்டெல்லாவுக்கு,

படித்தேன். மேஜரிடமும் சொன்னேன். கேட்டதைத் திருப்பிச் சொல்வது பேச்சு ஆகாது, உன் வீட்டுக்காரியின் கிளியும் அதைத்தானே செய்கிறது என்றார். அதனால் ஏற்பாட்டில் மாற்றம் இல்லை. கப்பல் செப்டம்பர் 14. போட்டோ அனுப்பு.

பக்கத்து வீட்டுக்காரி என்று நினைத்ததாக எழுதியிருக்கிறாய். அவள் குரல் எப்படி இருந்தது என்று நீ எழுதவில்லை. மெல்லிசா, கனமா?

யூஜின்


புதுவை
26-8-1962

அன்புள்ள அத்தானுக்கு,

கரகரப்பு. தூங்கி எழுந்ததும் நீங்கள் பேசுவது போல. இதை அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். கோபத்தில் விட்டுவிட்டேன்.

இங்கே ஊர் முழுக்கப் பதினாறாம் தேதிப் பேச்சுதான். பாண்டிச்சேரி சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்துவிட்டது. பிரெஞ்சுப் பிரஜையாகவே இருக்க விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். மாமா பழைய மெடல்களை மாட்டிக்கொண்டு அடுத்த வாரமே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். வந்து கோட்டைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் களைப்புதான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் ஜூலைக் கடிதம் வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. தட்டைத் தள்ளிவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். லில்லி எதிரில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் எழுந்து வந்தாள். என் தட்டை இரண்டு கையாலும் என் பக்கம் நகர்த்தினாள். ‘நான் இருக்கேன்ல’ என்றாள். போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

கிளி தண்ணீர்க் கிண்ணம் நிறைந்திருக்கும்போதும் தண்ணீர் கேட்கும் என்று எழுதினீர்கள். இவள் மூன்று வாக்கியத்தில் எனக்கு வேண்டிய ஒன்றை மட்டும் எடுத்துக் கொடுத்தாள். உங்கள் மேஜர் நல்லவராக இருக்கலாம். அவர் என் மகளைப் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் லில்லியைக் கூட்டிக்கொண்டு கடலூர் பஸ்ஸில் ஏறி நோணாங்குப்பத்தில் இறங்கினேன். மாமாவிடம் கேட்கவில்லை, சொல்லிவிட்டுப் போனேன். தணிகாசலம் தலையைச் சொறிந்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் விட மனசு வரவில்லையாம், படகுத்துறையிலேயே மீன் தலையைப் போட்டு வைத்திருந்தான். ‘பெரியவருகிட்ட சொல்லிடாதீங்கம்மா’ என்றான். நாய் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டது. லில்லி ஓடவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. நடந்து போய் அதன் பக்கத்தில், வலைக்கயிற்றின் மேல், வீட்டில் உட்காருவது போலவே உட்கார்ந்துகொண்டாள். நான் நின்றபடியே நாயிடம் சொன்னேன், வீட்டுக்குப் போகலாம், பஸ் வந்துடும் என்று. இரண்டும் எழுந்தன. கண்டக்டர் நாயை ஏற்ற மாட்டேன் என்றான். நடந்தே வந்தோம். அரியாங்குப்பம் தாண்டியதும் லில்லியைத் தூக்கிக்கொண்டேன். கால் ஒரு வாரம் வலித்தது.

மாமா வாசலில் நின்றார். கைத்தடியைத் தூக்குவார் என்று பார்த்தேன். நாயை மேலும் கீழும் பார்த்தார். ‘என்னடா, துரை சுற்றுலா முடிஞ்சு வந்துட்டீங்களா’ என்றார், தமிழில், குழந்தை கேட்க. லில்லி சிரித்துவிட்டாள். சத்தம் வந்த சிரிப்பு. மாமா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். இல்லை. இப்போது அவளிடமே தமிழ் பேசுகிறேன். நேராகப் பார்த்துப் பேசினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவளைப் பார்த்து யாராவது வாயைத் திறந்தால் அது அதட்டல் என்று நாலு வருஷமாகப் பழகியிருக்கிறாள். அதனால் இன்னும் நாயிடம்தான் சொல்கிறேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறாள். சில நாள் நாயிடம் அவளும் ஒன்றிரண்டு சொல்கிறாள். ‘மழை வருது’ என்று நேற்று சொன்னாள். மழை வந்தது.

பிரெஞ்சு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாமாவிடம் கற்கட்டும், பள்ளிக்கூடத்தில் கற்கட்டும். எனக்குக் கொஞ்ச, சண்டை போட, மன்னிப்புக் கேட்க வருவது தமிழில்தான். அது இல்லாத ஒரு அம்மாவைத்தான் நாலு வருஷம் அவளுக்குக் கொடுத்தோம். உங்களோடு சேர்ந்து நானும்தான் கொடுத்தேன்.

செப்டம்பர் 14 கப்பலில் நாங்கள் ஏறப் போவதில்லை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்ப்பதற்கு இவளை மலைக்கு அனுப்ப மாட்டேன். கோபமாக எழுதவில்லை, அத்தான். கோபப்படத் தெம்பு இல்லை. நீங்கள் அங்கிருந்து அவளை அழைத்துக்கொள்ளச் சட்டப்படி முடியும் என்று மாமா சொல்கிறார். செய்வீர்களா என்று தெரியாமல் தபால்காரன் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடுகிறேன். எதுவானாலும் எழுதுங்கள்.

ஸ்டெல்லா


தூலோன்
11-10-1962

அன்புள்ள ஸ்டெல்லாவுக்கு,

ஒரு மாதம் பதில் போடாமல் இருந்தேன். தபால் பிரிவில் இருப்பவனுக்குச் சாக்குக்கூட இல்லை. இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன். முதலாவது வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருந்தது. இரண்டாவது அதைவிட மோசம்.

கப்பல் போன மறுவாரம் வீட்டுக்காரியை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கிளிக்குத் தீனி வைக்கும் வேலை எனக்கு வந்தது. இரண்டு வருஷமாக அதே படிக்கட்டில் ஏறி இறங்கியும் அதன் முன்னால் நான் நின்றதில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்து, கூண்டுக்குக் கீழே உள்ள படியில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே ஒரு குரல் ‘அப்பாடா’ என்றது.

சுற்றிப் பார்த்தேன். யாரும் இல்லை. கிளி மறுபடி ‘அப்பாடா’ என்றது. ஒரு பெருமூச்சோடு, முதுகு வலிக்கிறவன் சொல்வது போல.

என் குரல்தான். தினம் சாயங்காலம் அந்தப் படியில் பூட்ஸைக் கழற்றும்போது நான் சொல்கிறேன் போலிருக்கிறது. சொல்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது. இந்த வீட்டில் நான் பேசிய தமிழ் அது ஒன்றுதான். அது எடுத்துக்கொண்டுவிட்டது. நான் பூட்ஸைக் கழற்றும் நேரத்தில்தான் சொல்கிறது, வேறு நேரத்தில் இல்லை. அதைச் சிந்தனை என்பதா பழக்கம் என்பதா, மேஜரிடம் நான் கேட்கப் போவதில்லை.

அன்றைக்குப் படியிலேயே உட்கார்ந்து, லில்லி என்னிடமிருந்து எதை எடுத்துக்கொண்டிருக்க முடியும் என்று நினைத்துப் பார்த்தேன். அவளோடு ஒன்றரை வருஷம் ஒரே வீட்டில் இருந்தேன். உட்கார். மெதுவாக. நன்றாகச் சொல். அவ்வளவுதான் ஞாபகம் வருகிறது. அவளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா ஏதாவது பேசியிருப்பேன் என்று தேடிப் பார்த்தேன். வாக்கியம் தப்பாகிவிடும் என்று நீ பயந்ததாக எழுதினாய். முதல் பரிசு வாங்கிய எனக்கும் அதே பயம்தான், ஸ்டெல்லா.

கடிதத்தின் கடைசியில் அவளுக்கு எழுதும் பிரெஞ்சுப் பத்தி இந்தத் தடவை இல்லை. வேறு ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். அப்பா வாசிக்க வேண்டாம். கிணற்றடியில் நீ வாசி, அவள் அந்தப் பக்கம் இருக்கும்போது.

யூஜின்


தூத்தூவுக்கு,

என்னை உனக்குத் தெரியாது. நீ வர்றதுக்கு முன்னாடியே நான் கிளம்பிட்டேன். நீ படுத்திருக்கிற அந்தக் கிணத்தடி நிழல்ல நானும் சின்ன வயசுல படுத்திருக்கேன். மத்தியானத்துல அந்தத் துவைக்கிற கல்லு ஜில்லுனு இருக்கும், தெரியுமா.

இங்க ஒரு கிளி இருக்குது. அதுக்கு வயசாயிடுச்சு. நான் வேலை முடிஞ்சு வந்தா எனக்குப் பதிலா அதுவே அப்பாடாங்குது. உன்னை மாதிரி அதுக்கு ஊர் சுத்த முடியாது, கூண்டு. நீ கொடுத்து வச்சவன்.

ஜனவரி மாசம் எனக்கு லீவு. வர்றேன். புது ஆளுன்னு குரைக்காதே, கடிச்சும் வச்சிடாதே. என் சத்தம் கரகரன்னு இருக்கும், பயப்படாதே. வந்து உன் பக்கத்துல உட்காருவேன். ஒண்ணும் கேக்க மாட்டேன். நீயா சொன்னா கேட்டுக்குவேன்.

உன் பக்கத்துல ஒரு பொண்ணு உட்கார்ந்திருந்தா இருக்கட்டும். அவகிட்ட நான் ஒண்ணும் சொல்லல. உன்கிட்டதான் சொல்றேன். அந்தப் பொண்ணை யாரும் எங்கயும் அனுப்பப் போறதில்ல.